தூண்டில்காரன்

கல்வி வாரியத்தில் எனக்குச் சம்பளம்
பொய் எழுதுவதற்கு.
மாதத்தில் ஒரு செவ்வாய், காலை ஒன்பது பத்துக்கு,
ஆயிரத்து இருநூறு பேருக்கு ஒரே பொய்.
கடித்தவர் பெயர் பட்டியலில் ஏறும்,
பட்டியல் மேலிடம் போகும்,
கடித்தவர் இருபது நிமிடக் காணொளி பார்த்தாக வேண்டும்.
அதில் முக்காடிட்ட ஒருவன்
இருட்டில் விசைப்பலகை தட்டுகிறான்.

நானோ நல்ல வெளிச்சத்தில் இருக்கிறேன்.
மேசையில் தயிர்சாத டப்பா.
ஜன்னலுக்கு வெளியே வினிபெக்,
மைனஸ் முப்பத்தொன்று.

பொய்யில் எழுத்துப்பிழை கூடாது என்பார்கள்.
அதெல்லாம் அப்புறம்.
எங்கோ ஒருவர்
எதற்கோ காத்திருந்தால் போதும்.

அக்டோபரில் பரிசுக் கூப்பன் அனுப்பினேன்: ஒன்பது பேர்.
நவம்பரில் சம்பள உயர்வு: நாலே பேர்
(ஆசிரியர்கள் அதை நம்புவதை நிறுத்திப் பல வருஷம்).
ஜனவரியில்
'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது' என்றேன்.
நூற்றுப் பதினேழு.

எல்லாம் சொந்த போன்கள்.
வாரியத்தின் மின்னஞ்சலும் மகளின் முகமும்
ஒரே கண்ணாடிக்குப் பின்னால்.
ஒரு தட்டலில் போயிருக்கக்கூடியவை:
எண்ணூறு பிள்ளைகளின் வீட்டு முகவரி,
யாருக்குக் கடலை ஆகாது,
எந்த அப்பா வாசலுக்கு வரக்கூடாது.

எல்ம்வுட் பக்கத்துப் பள்ளியில் இரண்டு பேர் கடித்திருந்தார்கள்.
ஏழாம் வகுப்பு குணவதனி டீச்சர்,
தரை துடைக்கும் மாரிசெல்.

டீச்சர் வகுப்பில் மௌன வாசிப்பு நேரம்.
கதவோரம் துணியில் தைத்த இருபத்தெட்டுப் பைகள்,
பைக்கொன்றாய் போன்கள்,
பகலில் தூங்கும் வௌவால்கள்.
பதினேழாம் பை நடுங்கியது.
இருபத்தெட்டுத் தலைகள் நிமிர்ந்தன,
இருபத்தேழு குனிந்தன.
மறுபடி நடுங்கியது.

"அவன்ர அம்மா கோழி ஆலையில வேலை," என்றார் மெதுவாக,
"அங்கயும் போன் லாக்கருக்குள்ளதான்.
பத்தேகாலுக்குத்தான் பிரேக்."
பிறகு பையனிடம் தாடையை அசைத்தார்.
அவன் வௌவாலைக் கையில் பொத்திக்கொண்டு
நடைகூடத்துக்கு ஓடினான்.
"நான் காணேல்லை," என்றார் என்னிடம்,
"நீங்களும் காணேல்லை."

தான் எந்தப் பார்சலுக்குக் காத்திருந்தார் என்று
அவர் சொல்லவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வியும் இல்லை.

மாரிசெல் கையுறையைக் கழற்றி போனை நீட்டினாள்,
ஈரத்தில் விரல்ரேகை ஏற்காமல் மூன்று முறை முயன்று.
கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தேன்.
"அப்போ பார்சல் சுங்கத்தில் இல்லையா?"
"இல்லை. அது நான் எழுதினது."
"செபுவிலிருந்து என் மகள் அனுப்பின மாம்பழ வற்றல்?
ஆறு வாரமாச்சு."
"அது எங்கேன்னு எனக்குத் தெரியாது."
அவள் சிரித்தாள், வாளியைத் தள்ளிக்கொண்டு போனாள்.
சக்கரம் ஒன்று கீச்சிட்டது நடைகூடம் முடியும்வரை.

அவள் பெயரை நான் அழிக்கவில்லை.
அழித்தால் அழித்ததும் பதிவாகும்.

பிப்ரவரியில் ஓர் இரவு, இரண்டே முக்கால்.
தலையணைக்கடியில் போன் அசைந்தது.
'உங்கள் மனைவியின் விசா கோப்பில் புதிய தகவல்.'
பதினாலு மாதம்.
முகவரியில் ஓ இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம்.
பார்த்தேன்.
பூஜ்யம்தான் என்று தெரிந்தது.
கட்டைவிரலுக்கு வாசிக்கத் தெரியாது.

பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது,
எதுவும் திறக்கவில்லை.
இருட்டில் என் முகத்தில் மட்டும் வெளிச்சம்.

காலையில் எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றினேன்.
பட்டியலின் அடியில்
என் பெயரை நானே தட்டினேன்: திருமாறன், தகவல் பாதுகாப்புப் பிரிவு.
காணொளியை இருபது நிமிடமும் பார்த்தேன்.
முக்காடிட்டவன்
ஒரு தடவைகூட முகம் திருப்பவில்லை.